ஒரு பாட்டுக்கு வயதாகிறது

(சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று மாலை ஒரே ஒரு பாட்டைப் பற்றித்தான் பேசப்போகிறேன். ஆறு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஓடும் பாட்டு. பெயர் 'ஹர்ட்'. நம் மொழியில் நோவு என்று சொல்லலாம். அமெரிக்காவின் 'நைன் இஞ்ச் நெய்ல்ஸ்' குழுவுக்காக ட்ரென்ட் ரெஸ்னர் எழுதி, மெட்டமைத்து, தானே பாடியது. 1994ஆம் ஆண்டு வெளிவந்தது. அன்று அவருக்கு வயது 28. இன்று அவர் அறுபதைக் கடந்தவர். இன்னும் அதை மேடையில் பாடிக்கொண்டிருக்கிறார்.

உங்களில் பலர் இந்தப் பாட்டை ஜானி கேஷ் குரலில் கேட்டிருப்பீர்கள். தள்ளாடும் ஒரு முதியவர் கிடாரைத் தாங்கி உட்கார்ந்து பாடும் அந்தக் காணொளியைப் பார்த்திருப்பீர்கள். நானும் முதலில் கேட்டது அதைத்தான். அது ஒரு கிழவரின் மரண சாசனம் என்றே நம்பினேன். பிறகு மூலப் பாட்டைக் கேட்டபோது அதே சொற்கள் ஓர் இளைஞனின் வாயிலிருந்து, கரகரப்புக்கும் இரைச்சலுக்கும் நடுவிலிருந்து வந்தன. எது மூலம், எது நகல் என்று அன்று குழம்பினேன். இப்போது அந்தக் கேள்வியே எனக்குப் போதவில்லை. ஏடுகளைப் பதிப்பித்த நம் அறிஞர்கள் பாடபேதம் என்ற சொல்லைத் தந்தார்கள். சங்கீதக்காரர்கள் பாடாந்தரம் என்றார்கள். ஒரே பாடல் வேறு வேறு வாய்களில் வேறு வேறு வடிவம் கொள்வதை இழுக்கென்று நினைக்காத மரபு நம்முடையது. அந்தக் காதோடு 'ஹர்ட்' பாட்டின் வடிவங்களை வரிசையாகக் கேட்டுப் பார்ப்போம். வரிகள் ஏறக்குறைய மாறவே இல்லை. பாடுபவர் எங்கே நின்று பாடுகிறார் என்பதுதான் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. நான் இன்று சொல்ல விரும்புவது அவ்வளவுதான்.

முதலில் இந்த இசையின் குலம் என்ன என்று பார்த்துவிடுவோம். 1976இல் இங்கிலாந்தில் 'த்ராபிங் கிரிஸில்' என்ற குழு தன் வெளியீடுகளுக்கு 'இண்டஸ்ட்ரியல் ரெக்கார்ட்ஸ்' என்று பெயர் வைத்தது. இண்டஸ்ட்ரியல் இசை என்ற பெயர் அங்கிருந்து பரவியது. 1980இல் மேற்கு பெர்லினில் தொடங்கிய 'ஐன்ஸ்டுர்ட்செண்ட நொய்பாவ்டன்' குழுவினர் இரும்புத் தகடுகளையும் துளைப்பான்களையும் வாத்தியமாக்கினார்கள். ஆலைகளும் எந்திரங்களும் நிறைந்த நகரத்தில் வாழும் மனிதன் நாள் முழுதும் கேட்கும் ஓசை இசைக்குள் வரவேண்டும் என்பது அவர்கள் பிடிவாதம். அமெரிக்காவில் 'மினிஸ்ட்ரி' போன்ற குழுக்கள் இதை ராக் கிடாரோடு கட்டின. ரெஸ்னர் அந்தக் கட்டுக்குள் இன்னொன்றைச் சேர்த்தார்: பாடத்தக்க மெட்டு. இரைச்சலை நீக்கிவிட்டாலும் அவர் பாட்டில் மிஞ்சி நிற்க ஏதோ ஒன்று இருக்கும். 'ஹர்ட்' இத்தனை பிறவி எடுத்ததற்கு அதுவே முதல் காரணம்.

ரெஸ்னர் பென்சில்வேனியா மாநிலத்தின் மெர்சர் என்ற சிற்றூரில் தாத்தா பாட்டியிடம் வளர்ந்தவர். சிறுவயதிலேயே பியானோ கற்றவர். கிளீவ்லாந்து நகரில் ஓர் ஒலிப்பதிவுக்கூடத்தில் துப்புரவு வேலையும் எடுபிடி வேலையும் பார்த்துக்கொண்டே, கூடம் காலியாக இருக்கும் நேரத்தில் தன் முதல் பாடல்களைப் பதிவு செய்தார். அவை 1989இல் 'பிரிட்டி ஹேட் மெஷின்' தொகுப்பாயின. அடுத்த முழுத் தொகுப்புக்காக லாஸ் ஏஞ்சலஸ் போனார். வாடகைக்கு எடுத்த வீடு சீலோ டிரைவ் தெருவில் 10050ஆம் எண். 1969இல் நடிகை ஷரன் டேட் கொலையுண்ட வீடு அது. அங்கேயே ஒலிப்பதிவுக்கூடம் அமைத்தார். பின்னாளில் ஷரனின் தங்கையைச் சந்தித்தபோதுதான், அந்த வீட்டைத் தேர்ந்ததில் இன்னொரு குடும்பத்தின் துயரம் அடங்கியிருப்பது தனக்கு உறைத்தது என்று ரெஸ்னர் மனம் வருந்திச் சொல்லியிருக்கிறார்.

அங்கே உருவான தொகுப்பு 'தி டவுன்வர்ட் ஸ்பைரல்'. 1994 மார்ச் 8 அன்று வெளிவந்தது. பதினான்கு பாடல்கள். ஒரு மனிதன் படிப்படியாகச் சரிந்து தன்னையே அழித்துக்கொள்ளும் நிலைக்குப் போவதை அவை ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்கின்றன. பதின்மூன்றாவது, தொகுப்பின் பெயர் தாங்கிய பாட்டு. சரிவின் அடிமட்டம் அதுதான். கதை அங்கேயே முடிந்திருக்கலாம். அதற்கும் பின்னால், பதினான்காவதாக, 'ஹர்ட்' வருகிறது. அந்த மனிதன் செத்தபின் ஒலிக்கும் குரலா, சாகாமல் தப்பியவனின் குரலா என்று கேட்பவர்கள் முப்பது ஆண்டுகளாக வாதம் செய்துவருகிறார்கள். எந்தப் பக்கத்துக்கும் பாட்டு இடம் கொடுக்கிறது.

கொஞ்சம் கேட்போம்.

(பாடலின் முதல் இரண்டு நிமிடங்கள் ஒலிக்கவிடப்படுகின்றன.)

குரல் தொடங்கும் முன்பே ஓர் இரைச்சல் இருந்ததைக் கவனித்திருப்பீர்கள். காற்றா, பழுதான நாடாவா, தூரத்து எந்திரமா என்று தெரியாத ஒரு சீறல். ஒலிப்பதிவாளர்கள் வழக்கமாகப் பாடுபட்டு அகற்றுகிற ஓசை அது. இங்கே திட்டமிட்டு வைக்கப்பட்டிருக்கிறது. அந்தச் சீறலின் மேல் கிடார் ஒவ்வொரு சுரமாகத் தட்டுத்தடுமாறி நடக்கிறது. அந்த நடையில் ஒரு சுரம் காதை உறுத்துகிறது. நம் கணக்கில் சொல்கிறேன். ஆதார சுரத்தை ஷட்ஜமாக வைத்துக்கொண்டால் உறுத்துகிற அந்தச் சுரம் பிரதி மத்யமம். கல்யாணியில் நாம் கொஞ்சி மகிழும் அதே சுரம்தான். அங்கே சுற்றியுள்ள சுரங்கள் அதற்கு உறவாக நிற்கும். பஞ்சமத்தில் போய் அது இளைப்பாறும். இங்கே அதற்கு உறவும் இல்லை, இளைப்பாறலும் இல்லை. வந்து உரசிவிட்டு அந்தரத்தில் நிற்கிறது. மேற்கத்திய இசையில் ட்ரைடோன் என்பார்கள். அமைதி குலைந்த இடத்தைக் காட்ட அங்கே பல நூற்றாண்டுகளாகப் பயன்படுவது. பாடகர் தன்னைச் சுட்டும் 'நான்' என்ற சொல்லும் இந்த உரசலும் ஒரே கணத்தில் விழும்படி பாட்டு கட்டப்பட்டிருக்கிறது. நான் என்று சொல்லும்போதே சுருதி நோகிறது.

குரலோ கிசுகிசுப்பு. ஒலிவாங்கிக்கு மிக அருகே, நம் தோளில் சாய்ந்து சொல்வதுபோல. உடம்பைக் காயப்படுத்திப் பார்ப்பது, உணர்ச்சி மிச்சமிருக்கிறதா என்று சோதிப்பது, ஊசி, நினைவுகள், விட்டுப்போன மனிதர்கள் என்று சொற்கள் நகர்கின்றன. பல்லவியில் இசை மெல்ல எழும்புகிறது. கடைசிப் பல்லவியின் இறுதிச் சொல்லில், அதுவரை அடக்கிவைத்த கிடார்கள் ஒரே அடியாக இடிந்து விழுகின்றன. அதன்பிறகு பாட்டு இல்லை. இரைச்சல் மட்டும் ஒரு நிமிடத்துக்கு மேல் சுழன்று சுழன்று அடங்குகிறது. கடைசி வரிகள் மறுபடி தொடங்க ஒரு வாய்ப்புக் கிடைத்தால் என்று ஏங்குகின்றன. சொல் நம்பிக்கை பக்கம் திரும்புகிற அதே நொடியில் இசை இடிகிறது. 28 வயது ரெஸ்னருக்குத் தான் பாடியதன்மேல் நம்பிக்கை இல்லை என்பது அந்த இடியில் தெரிகிறது. அவர் அப்போது பள்ளத்துக்குள்ளே நிற்கிறார்.

இனி மேடைக்கு வருவோம். இந்தப் பாட்டை மேடையில் எப்படிப் பாடுவது? 1994, 95இல் நைன் இஞ்ச் நெய்ல்ஸ் கச்சேரி என்பது ஒரு போர்க்களம். 1994 ஆகஸ்டில் உட்ஸ்டாக் விழாவில் உடம்பெல்லாம் சேறு பூசிக்கொண்டு அவர்கள் வந்து நின்ற காட்சி உலகம் முழுதும் பரவியது. கீபோர்டுகள் உடையும், கிடார்கள் பறக்கும், பாடகரும் வாத்தியக்காரர்களும் ஒருவர்மேல் ஒருவர் மோதிக்கொள்வார்கள். அதில் ஊறிக் கொதித்துப்போன பல ஆயிரம் பேருக்கு முன்னால் ஒரு கிசுகிசுப்பை எப்படிக் கேட்கவைப்பது? ஒலிப்பதிவில் சாத்தியமான அந்தரங்கம் விளையாட்டரங்கில் எப்படி வரும்?

திரை போட்டார்கள். கூட்டத்துக்கும் குழுவுக்கும் நடுவே ஒளி ஊடுருவும் மெல்லிய திரை ஒன்று இறங்கும். அதன்மேல் படங்கள் ஓடும். போரில் மடிந்தவர்கள், அணுகுண்டுச் சோதனை, ஸ்டாலின்கிராடில் உயிர் தப்பியவர்கள், கேமராவை உற்றுப் பார்க்கும் ஒரு பாம்பு. அழுகும் நரியின் உடல் ஒன்று பின்னோக்கி ஓட்டப்பட்டு, சிதைவிலிருந்து முழுமைக்குத் திரும்பும். இத்தனைக்கும் நடுவே விளக்கொளியில் பாடகரின் உருவம் திரைக்குள்ளிருந்து தெரியும். சைமன் மேக்ஸ்வெல் இயக்கிய காணொளி, 1995 பிப்ரவரி 13 அன்று நெப்ராஸ்கா மாநிலத்தின் ஒமாஹா நகரில் எடுத்தது, இதைப் பதிந்து வைத்திருக்கிறது.

எனக்கு அந்தத் திரைதான் முக்கியமாகப் படுகிறது. அதுவரை கூட்டத்துக்குள் பாய்ந்து புரண்ட பாடகர் இந்தப் பாட்டுக்கு மட்டும் தனக்கும் மக்களுக்கும் நடுவே ஒரு மறைப்பு வைத்துக்கொள்கிறார். படங்கள் ஊர் உலகத்தின் அழிவைக் காட்டுகின்றன. சொற்கள் தனி ஒருவனின் அழிவைச் சொல்கின்றன. தன் சொந்தக் காயத்தை வெற்றுடம்பாகக் காட்ட அவருக்கு அன்று துணிவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. உலகத்தின் காயத்தை மேலே போர்த்திக்கொண்டு பாடினார்.

அதே ஆண்டு வந்த 'ஃபர்தர் டவுன் தி ஸ்பைரல்' தொகுப்பில் இரைச்சல் தணிந்த இன்னொரு வடிவமும் வெளிவந்தது. இந்தக் குழுவின் வெளியீடுகளுக்கு 'ஹேலோ' என்று தொடர் எண் இடுவார்கள். மூலத் தொகுப்பு ஹேலோ 8. மறுவார்ப்பு (ரீமிக்ஸ்) தொகுப்பு ஹேலோ 10. தனிப்பாடல் வெளியீடு, மறுவார்ப்பு, கச்சேரிப் பதிவு எல்லாவற்றுக்கும் ஒரே வரிசையில் எண். மூலத்துக்கு மேல்தட்டு, மற்றவற்றுக்குக் கீழ்த்தட்டு என்று பிரிக்கவில்லை. தன் பாடல்களுக்குப் பாடபேதம் உண்டு என்பதைத் தொடக்கத்திலேயே ஒப்புக்கொண்ட கலைஞர் அவர்.

1995 இலையுதிர்காலத்தில் நடந்த ஒன்று, இந்தப் பாட்டின் வாழ்க்கையில் முதல் திருப்பம். பிரிட்டிஷ் ராக் பாடகர் டேவிட் போவியும் நைன் இஞ்ச் நெய்ல்ஸும் சேர்ந்து அமெரிக்காவைச் சுற்றி வந்தார்கள். செப்டம்பர் 14 அன்று ஹார்ட்ஃபர்டில் தொடக்கம். ஒரு குழு பாடி இறங்கியபின் அடுத்த குழு ஏறுவதுதான் வழக்கம். இவர்கள் அந்த இடைவெளியே வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். நைன் இஞ்ச் நெய்ல்ஸ் வாசித்துக்கொண்டிருக்கும்போதே போவி மேடைக்கு வருவார். இரு குழுவும் கலந்து சில பாடல்கள். போவியின் பாடலை ரெஸ்னர் பாடுவார், ரெஸ்னரின் பாடலைப் போவி பாடுவார். பிறகு போவியின் குழுவிடம் மேடை கைமாறும். அந்தக் கைமாற்றத்தின் கடைசிப் பாட்டு 'ஹர்ட்'.

போவிக்கு அப்போது 48 வயது. ரெஸ்னருக்கு 30. இருபது ஆண்டுகளுக்கு முன் கொக்கெய்ன் பிடியில் எலும்பும் தோலுமாகி, அதிலிருந்து மீண்டு வந்தவர் போவி. ரெஸ்னரோ அப்போதுதான் அந்தச் சுழலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தார். ஒரே வரியை இருவரும் மாறி மாறிப் பாடுகிறார்கள். ரெஸ்னரின் குரல் உடைகிறது. போவியின் குரல் ஆழத்திலிருந்து, ஏறக்குறைய நாடக மேடையின் கம்பீரத்தோடு வருகிறது. கரையேறியவர் ஒருவர், பள்ளத்துக்குள் ஒருவர். இருவர் வாயிலும் ஒரே சொற்கள். இந்தப் பாட்டைக் கரையில் நின்றும் பாடலாம் என்று முதலில் காட்டியவர் போவிதான். அந்தப் பயணத்தில் போவி தன்னிடம் சொன்ன சொற்கள் பின்னாளில் தான் திருந்துவதற்கு உதவின என்று, 2016 ஜனவரியில் போவி மறைந்தபோது ரெஸ்னர் நன்றியோடு நினைவுகூர்ந்தார். அந்தச் சொற்கள் வேலை செய்ய ஆண்டுகள் பிடித்தன. நல்ல புத்தி உடனே பலித்த கதைகள் குறைவு.

2000ஆம் ஆண்டுச் சுற்றுப்பயணத்தின்போது லண்டனில் போதைப்பொருளால் ரெஸ்னரின் உயிருக்கே ஆபத்து வந்தது. 2001இல் அவர் சிகிச்சைக்குப் போய்த் தெளிந்தார். அந்த 2000ஆம் ஆண்டுக் கச்சேரிகளின் ஒலிப்பதிவு 2002 ஜனவரியில் 'அண்ட் ஆல் தட் குட் ஹேவ் பீன்' என்ற பெயரில் வந்தது. அதிலும் கடைசிப் பாட்டு 'ஹர்ட்'. வீழ்ச்சியின் விளிம்பில் நின்றவரின் குரல் அது. கேட்கும்போது, இவர் அடுத்த ஆண்டு திரும்பி வந்துவிட்டார் என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டுதான் என்னால் கேட்க முடிகிறது.

அதே 2002, நவம்பர் மாதம். அப்போது வந்த ஒரு வெளியீடு இந்தப் பாட்டைத் தலைகீழாகத் திருப்பிப்போட்டது.

(ஜானி கேஷ் பாடிய வடிவம் ஒலிக்கவிடப்படுகிறது.)

ஜானி கேஷ் 1932இல் பிறந்தவர். கிராமிய நாட்டுப்புற இசையின் தூண். சிறைச்சாலைகளில் போய்ப் பாடியவர். அறுபதுகளில் போதை மாத்திரைகளுக்கு அடிமையாகிச் சீரழிந்து மீண்டவர். எண்பதுகளின் இறுதியில் அவரைக் கேட்பார் இல்லை. பின்னர் ரிக் ரூபின் என்ற தயாரிப்பாளர் அவரைத் தேடிப் போய், ஒரு கிடாரையும் அவர் குரலையும் மட்டும் வைத்துப் பதிவு செய்தார். அந்த வரிசையின் முதல் தொகுப்பு 'அமெரிக்கன் ரெக்கார்டிங்ஸ்' 1994 ஏப்ரலில் வந்தது. 'ஹர்ட்' பிறந்து ஏழே வாரம். ஒருவர் தன் குரலைச் சுற்றி இரைச்சலை எழுப்பிய அதே வசந்தத்தில், இன்னொருவர் தன் குரலைச் சுற்றியிருந்த எல்லாவற்றையும் களைந்துகொண்டிருந்தார். இரண்டு பாதையும் சந்திக்க எட்டு ஆண்டு பிடித்தது.

ரூபின்தான் 'ஹர்ட்' பாட்டைக் கேஷிடம் கொண்டுபோனார். முதலில் கேஷுக்கு அது பிடிபடவில்லை. மூலப் பதிவின் இரைச்சலைத் தாண்டி வரிகளைத் தனியே பாருங்கள் என்று ரூபின் வற்புறுத்த வேண்டியிருந்தது. கேஷ் வரிகளைப் பார்த்தார். அதில் தன் வாழ்க்கையே இருந்தது.

என்ன மாறியது என்று நுணுக்கமாகக் கேட்போம். முதலில், அந்தப் பிரதி மத்யம உரசல் போய்விட்டது. சாதாரண மைனர் கார்டில் பாட்டு தொடங்குகிறது. கிராமத்துத் திண்ணையில் உட்கார்ந்து யாரும் வாசிக்கக்கூடிய கார்டுகள். இரண்டாவது, ஒரே ஒரு சொல். மூலத்தில் பாடகர் தன் தலையில் சூடிக்கொள்வதாகச் சொல்லும் மகுடம் மலத்தால் ஆனது. கேஷ் அதை முள்ளால் ஆனதாக மாற்றிவிட்டார். ஆழ்ந்த கிறிஸ்தவர் அவர். அருவருப்பு போய் அங்கே சிலுவை வந்துவிட்டது. தன்மீது தானே காறி உமிழ்ந்த பாட்டு, தன்னை ஆண்டவன்முன் வைக்கும் பாட்டாகிவிட்டது. ஒரு சொல் மாறியதில் ஒரு பாட்டின் மதமே மாறிய உதாரணம் எனக்கு வேறு தெரியாது.

மூன்றாவது, சீறல். மூலத்தில் எந்திரம் செய்த வேலையைக் கேஷ் பதிவில் அவர் நெஞ்சுக்கூடு செய்கிறது. நோயால் தளர்ந்த குரல், வரி முடிவில் இழையறும் மூச்சு. அதையும் துப்புரவாக்கியிருக்கலாம். ரூபின் விட்டுவைத்தார். ஆகவே இரைச்சல் போய்விட்டது என்று சொல்லமுடியாது. உடம்புக்குள் குடிபெயர்ந்துவிட்டது. இறுதியில் பியானோ ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்ப, வரவர உரக்க அடிக்கிறது. மூலத்தில் கிடார் இடிந்த இடத்தில் இங்கே ஆணி அறைவதுபோல் ஓர் ஓசை. அடித்து அடித்துச் சட்டென்று நிற்கிறது. நீண்ட அடங்கல் இல்லை.

மார்க் ரோமனெக் இதற்குக் காணொளி எடுத்தார். 1994இல் ரெஸ்னரின் 'குளோசர்' பாட்டுக்குக் காணொளி எடுத்தவரும் அவரே. டென்னசி மாநிலத்தில், மூடிக்கிடந்து பாழடைந்த கேஷின் அருங்காட்சியகத்தையே களமாக்கினார். தூசி படிந்த பரிசுகள், உடைந்த சட்டங்கள், இளமையின் பழைய படச்சுருள்கள், படிக்கட்டில் நின்று கணவரைப் பார்க்கும் ஜூன் கார்டரின் முகம். கடைசியில் கேஷ் பியானோவின் மூடியைச் சாத்தி அதன்மேல் கைகளை வைக்கிறார். காணொளி 2003இல் வெளிவந்தது. அந்த ஆண்டு மே 15 அன்று ஜூன் மறைந்தார். செப்டம்பர் 12 அன்று கேஷும் மறைந்தார். வயது 71. அடுத்த ஆண்டு அந்தக் காணொளிக்குக் கிராமி விருது கிடைத்தது.

ரெஸ்னருக்கு இது எப்படி இருந்தது? பாட்டை மட்டும் கேட்டபோது அந்நியமாகப் பட்டது. தன் அறைக்குள் வேறு யாரோ வந்து உட்கார்ந்ததுபோல் இருந்தது. காணொளியைப் பார்த்தபோது அழுதார். அது இனித் தன்னுடைய பாட்டு இல்லை என்று உணர்ந்ததாகப் பின்னர் பலமுறை சொன்னார். எழுதியவர் வாயாலேயே இப்படி வருவது எளிதல்ல. படுக்கையறையில் தனியே உட்கார்ந்து எழுதிய இளைஞனின் புலம்பல், முற்றிலும் வேறு தலைமுறையைச் சேர்ந்த, வேறு இசையிலிருந்து வந்த ஒரு முதியவரின் உண்மையாக இருக்க முடிந்தது என்ற வியப்பே அதில் மேலோங்கி நின்றது.

பெரும்பாலோர் இந்தக் கதையை இங்கேயே முடித்துவிடுவார்கள். இளைஞன் எழுதினான், பெரியவர் வாங்கிக்கொண்டார், முற்றும் என்பார்கள். நான் உங்களை இங்கே கூட்டி வந்ததே இதற்கு அடுத்த பகுதிக்காகத்தான். பாட்டைப் பறிகொடுத்தவர் அதன்பின் என்ன செய்தார்?

2005இல் ரெஸ்னர் போதை தெளிந்த மனிதராக மேடைக்குத் திரும்பினார். 'ஹர்ட்' பாட்டைக் கைவிடவில்லை. வடிவத்தை மாற்றினார். கீபோர்டின் முன் தனியே நின்று, தானே வாசித்துக்கொண்டு பாடினார். கடைசிப் பல்லவியில்தான் குழு வந்து சேரும். 2006 கச்சேரிகளைக் காட்டும் 'பிசைட் யூ இன் டைம்' என்ற காணொளித் தொகுப்பில் இந்த வடிவத்தைப் பார்க்கலாம். பத்தாண்டுக்கு முன் திரைக்குப் பின்னால் நின்றவர் இப்போது ஒரு விளக்கின் கீழ் தனி ஆள். கேஷ் இரைச்சலைக் களைந்து காட்டியபின் ரெஸ்னருக்கும் அந்தத் துணிவு வந்தது என்று நான் நினைக்கிறேன். இது என் ஊகம்தான். ஆனால் இரண்டு பதிவுகளையும் அடுத்தடுத்துக் கேட்பவருக்கு அது வலுவான ஊகமாகவே படும்.

இந்த வடிவத்தில் கேட்கும்போது சில வரிகளின் காலம் மாறிவிடுவதை உணரலாம். ஊசியைப் பற்றிய சொற்கள் 1994இல் நிகழ்காலம். 2005இல் அதே சொற்கள் கடந்தகாலத்தின் சாட்சியம். வினைச்சொல்லில் ஒரு விகுதியும் மாறவில்லை. பாடுபவரின் வாழ்க்கை மாறியதில் இலக்கணம் மாறிவிட்டது. மறுபடி தொடங்க வாய்ப்பிருந்தால் என்ற அந்தக் கடைசி ஏக்கத்துக்குப் பதில் மேடையில் உயிரோடு நிற்கிறது.

அதற்காக அவர் ஒரே வடிவத்தில் தங்கிவிடவில்லை. 2008 சுற்றில் மூலத்தின் கிடார் அமைப்பு திரும்பியது. அடுத்த ஆண்டில் மறுபடி தணிந்த வடிவம் வந்தது. முன்னேற்றம் என்ற ஒற்றைக் கோட்டில் இதை வரைய முடியாது. பழைய இரைச்சலும் அவருடைய உண்மைதான். அதை மறைத்துவிட்டுத் தெளிவை மட்டும் காட்டினால் தெளிவுக்கே பொருள் இல்லாமல் போகும்.

கச்சேரிகள் எப்படி நமக்குக் கிடைக்கின்றன என்பதிலும் இந்தக் குழு ஒரு நல்ல காரியம் செய்தது. 2009 ஜனவரியில், முந்தைய ஆண்டின் மூன்று கச்சேரிகளைப் படம்பிடித்த மூலக் காட்சிகளை, வெட்டாமல் ஒட்டாமல் 405 கிகாபைட் அளவில் ரசிகர்கள் கையில் இலவசமாகக் கொடுத்துவிட்டார்கள். ரசிகர்கள் கூடி உழைத்து, தொகுத்து, முழுநீளக் கச்சேரிப் படமாக்கினார்கள். ஓலைச்சுவடியைப் பெட்டிக்குள் பூட்டி வைத்தவர்களும் உண்டு, படியெடுக்கக் கொடுத்தவர்களும் உண்டு. படியெடுக்கக் கொடுத்தவர்களால்தான் நமக்கு நூல்கள் எஞ்சின. இசையிலும் அப்படியே. 'ஹர்ட்' பாட்டின் மேடை வரலாற்றை இன்று நம்மால் ஆண்டுவாரியாகக் கேட்க முடிகிறது என்றால், கூட்டத்தில் நின்று பதிவுசெய்து பத்திரப்படுத்திய பெயர் தெரியாத ரசிகர்களுக்கும் நாம் கடன்பட்டிருக்கிறோம்.

2025இல் குழு மீண்டும் உலகச் சுற்றுப்பயணம் புறப்பட்டது. ரெஸ்னருக்கு 60 வயது. ஆஸ்கர் விருது பெற்ற திரை இசையமைப்பாளர், குடும்பஸ்தர். அந்தக் கச்சேரிகளிலும் இறுதிப் பாட்டு 'ஹர்ட்'. அரங்கம் முழுதும் சேர்ந்து பாடியது. அவர்களில் பாதிப் பேர் அந்தப் பாட்டு வந்தபோது பிறந்தேயிருக்க மாட்டார்கள். 1995இல் திரையால் தடுக்க வேண்டியிருந்த கூட்டம், இன்று அவரோடு சேர்ந்து கிசுகிசுக்கிறது.

போவி அந்தப் பாட்டைப் பாடியபோது 48 வயது. கேஷ் பாடியபோது எழுபது. ரெஸ்னர் இப்போது இருவருக்கும் நடுவே நிற்கிறார். பள்ளத்துக்குள் இருந்தபோது எழுதிய பாட்டை, கரையில் நின்ற இரண்டு பெரியவர்கள் வாங்கிப் பாடி, இது கரைக்கும் பொருந்தும் தம்பி என்று காட்டிவிட்டுப் போனார்கள். அவர்கள் காட்டிய இடத்துக்கு அவர் நடந்து வந்து சேரப் பத்து ஆண்டுக்கு மேல் ஆனது. அந்த நடை முழுதும் பதிவுகளில் இருக்கிறது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். இன்று வீட்டுக்குப் போய் 1994ஆம் ஆண்டுப் பதிவை, 1995இல் போவியோடு பாடியதை, கேஷின் வடிவத்தை, 2006 கீபோர்டு வடிவத்தை இந்த வரிசையில் கேளுங்கள். சேர்த்து அரைமணி நேரம்கூட ஆகாது. எது உயர்ந்தது என்று தேடாதீர்கள். ஒவ்வொன்றிலும் அந்தக் கடைசிப் பல்லவியில் என்ன ஓசை வருகிறது என்று மட்டும் கவனியுங்கள். முதலில் இடி, அடுத்ததில் இரண்டு குரல், பிறகு அறைந்து நிற்கும் பியானோ, கடைசியில் தோழர்கள் வந்து சேரும் ஓசை.

உங்கள் வீட்டில் இளம்பிள்ளை யாராவது கதவைச் சாத்திக்கொண்டு இந்த மாதிரி இரைச்சலான பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தால் ஒலியைக் குறைக்கச் சொல்லும் முன் ஒரு நிமிடம் வாசலில் நில்லுங்கள். முடிந்தால் உள்ளே போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். அந்த இரைச்சலுக்குள் யாரோ மிக மெதுவாக ஏதோ சொல்லிக்கொண்டிருக்கலாம்.